தொட்டுத் தேய்க்கலாம், பக்கத்தில் உட்காரக் கூடாது

ஒரு கட்டடத்தை யாராவது பாரம்பரியச் சின்னம் என்று கொண்டாடினால், நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: அதற்கு எத்தனை வாசல்? யார் எந்த வாசல் வழியாக உள்ளே போனார்கள்?

இந்தக் கேள்வியைக் கேட்டதும் சிலருக்கு எரிச்சல் வரும். "எதிலும் சாதியைத் தேடுகிறீர்கள்" என்பார்கள். அமெரிக்காவாக இருந்தால் "எதிலும் நிறத்தைத் தேடுகிறீர்கள்" என்பார்கள். நாம் எதையும் தேடிக் கண்டுபிடிக்கவில்லை. செங்கல்லும் சிமெண்டும் போட்டு அவர்களே கட்டி வைத்திருக்கிறார்கள். நாம் விரலை நீட்டிக் காட்டுகிறோம், அவ்வளவுதான்.

அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் ஹாட் ஸ்பிரிங்ஸ் என்று ஒரு ஊர். பெயரே வெந்நீர் ஊற்று. மலையடிவாரத்தில் 40க்கும் மேற்பட்ட ஊற்றுகளில் சுமார் 62 டிகிரி செல்சியஸ் சூட்டில் தண்ணீர் வருகிறது. வாத நோய், தோல் நோய், மூட்டுவலி என்று எல்லாவற்றுக்கும் இந்தத் தண்ணீரில் குளித்தால் தீரும் என்று நம்பி நாடு முழுவதிலிருந்தும் பணக்காரர்கள் வந்து குவிந்தார்கள். அவர்களுக்காக சென்ட்ரல் அவென்யூ என்ற பெருந்தெருவில் மாளிகை போன்ற குளியல் இல்லங்கள் வரிசையாக எழுந்தன. பாத்ஹவுஸ் ரோ என்ற அந்த வரிசை இன்று தேசிய வரலாற்றுச் சின்னம். பகல் முழுக்கக் குளிக்க வந்தவர்களுக்குச் சாயங்காலம் பொழுது போக வேண்டுமல்லவா? அதே தெருவில் சூதாட்ட விடுதிகளும் நாடகக் கொட்டகைகளும் சினிமா தியேட்டர்களும் வந்தன.

அந்தத் தியேட்டர்களில் இன்றும் நிற்பது மால்கோ. பிரின்சஸ் என்ற பழைய தியேட்டர் தீக்கிரையான மனையில், 1940களில் இது திறக்கப்பட்டது. மெம்பிஸ் நகரத்துச் சினிமா முதலாளி எம்.ஏ. லைட்மேனின் கம்பெனிப் பெயரைச் சுருக்கினால் மால்கோ. ஆர்ட் டெகோ பாணி முகப்பு. 1992இல் தொடங்கிய ஹாட் ஸ்பிரிங்ஸ் ஆவணப்பட விழா பல ஆண்டுகள் இங்கேதான் நடந்தது. சுற்றுலாக் கட்டுரை எதை எடுத்தாலும் முகப்பின் அழகைப் பற்றி ஒரு பத்தி இருக்கும்.

மால்கோவுக்கு இரண்டு வாசல். முன்வாசல் வெள்ளையர்களுக்கு. கறுப்பின மக்களுக்குத் தனி வாசல், தனிப் படிக்கட்டு. அது நேராகப் பால்கனிக்குப் போகும்.

பால்கனி என்றதும் நம் ஊர் வாசகர்களுக்கு ஒரு குழப்பம் வரலாம். நம் தியேட்டர்களில் பால்கனி என்றால் காசுள்ளவர்கள் உட்காரும் இடம். ஏழைகளுக்குத் திரைக்கு முன்னால் தரை டிக்கெட். அமெரிக்கத் தெற்கு மாநிலங்களில் இது தலைகீழ். வசதியான இருக்கைகள் கீழே, வெள்ளையருக்கு. கறுப்பினத்தவர் மாடியேற வேண்டும். அந்த மாடிக்குக் காக்கைக் கூடு, பிணந்தின்னிக் கழுகு உட்காரும் கிளை என்றெல்லாம் கேலிப் பெயர் வைத்தார்கள். ஆக, உயரத்தில் உட்கார்ந்தால் கௌரவம், தாழ உட்கார்ந்தால் இழிவு என்று எந்த இயற்கை விதியும் கிடையாது. மேலேயோ கீழேயோ, அதிகாரம் உள்ளவன் தனக்கு எந்த இடத்தை எடுத்துக்கொள்கிறானோ அது உயர்ந்த இடம். மிச்சம் இருப்பது நமக்கு.

இப்போது அதே தெருவில் சில நிமிடங்கள் நடந்து குளியல் இல்லங்களுக்குப் போவோம். இந்தத் தியேட்டரைப் புரிந்துகொள்ள அங்கே போய்த்தான் ஆக வேண்டும்.

பாத்ஹவுஸ் ரோவில் வெள்ளைக்காரப் பணக்காரரைத் தொட்டியில் இறக்கி, முதுகு தேய்த்து, சூடான துணியால் சுற்றி, துடைத்து அனுப்பியவர்கள் யார்? பெரும்பாலும் கறுப்பினப் பணியாளர்கள், ஆண்களும் பெண்களும். நிர்வாணமான வெள்ளை உடம்பை நாள் முழுக்கத் தொட்டுத் தேய்த்த கைகள் அவர்களுடையவை. அந்தத் தொடுகையால் எந்த வெள்ளையருக்கும் தீட்டு ஒட்டவில்லை. ஆனால் அதே பணியாளர் வேலை முடிந்து காசு கொடுத்து அதே இல்லத்தில் வாடிக்கையாளராகக் குளிக்க முடியாது. அதே தெருவில் உள்ள தியேட்டரில், காலையில் தான் முதுகு தேய்த்துவிட்ட மனிதருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காரவும் முடியாது.

தோழர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கள். தீண்டாமையைப் பற்றி நமக்குச் சொல்லப்படும் பொய்களில் பெரிய பொய், அது சுத்தம் சம்பந்தப்பட்டது என்பது. "அந்தக் காலத்தில் சுகாதாரத்துக்காக ஏற்பட்ட பழக்கம்" என்று படித்தவர்களே இன்றும் சொல்கிறார்கள். ஹாட் ஸ்பிரிங்ஸின் குளியல் இல்லத்தையும் தியேட்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உடம்பைத் தொடுவது பிரச்சினையாக இருந்திருந்தால் குளியல் இல்லத்தில்தான் முதலில் தடை வந்திருக்கும். வரவில்லை. வேலைக்காரராகத் தொடலாம், சமமானவராகப் பக்கத்தில் உட்காரக் கூடாது. தடை சமத்துவத்துக்குப் போடப்பட்டது. நம் ஊரிலும் கதை இதுதான். நெல் நடும் கை வேண்டும், அறுக்கும் கை வேண்டும், பிரசவம் பார்க்கும் கை வேண்டும். அந்தக் கை டீக்கடைக்கு வந்தால்தான் தனிக் குவளை.

தியேட்டருக்குள் விளக்கை அணைத்த பிறகு யாருக்கும் யாரையும் தெரியாது. எல்லோரும் ஒரே திரையைத்தான் பார்க்கிறார்கள். பிறகு எதற்குத் தனிப் படிக்கட்டு? தியேட்டர் என்பது படம் ஓடும் இருட்டு மட்டும் இல்லை. படத்துக்கு முன்னும் இடைவேளையிலும் மக்கள் நிற்கும் கூடம் ஒன்று இருக்கிறது. நல்ல உடை உடுத்தி வந்து, ஒருவரையொருவர் பார்த்து, தலையாட்டி, பேசும் இடம் அது. அந்தக் கூடத்தில் கறுப்பினக் குடும்பம் ஒன்று தலைநிமிர்ந்து நிற்பதைப் பார்க்கக் கூடாது என்பதற்காகத்தான் தனி வாசலும் தனிப் படிக்கட்டும். அதே சமயம் அவர்களை அடியோடு வரவேண்டாம் என்றும் முதலாளி சொல்லவில்லை. டிக்கெட் காசு வேண்டுமே. காசுக்கு எங்கேயும் தீட்டில்லை.

"அது அந்தக் காலத்து வழக்கம், சட்டம் இல்லாத காலம்" என்று ஒரு சமாதானம் வரும். சட்டம் இருந்தது. உள்நாட்டுப் போருக்குப் பிறகு 1875இலேயே அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு குடியுரிமைச் சட்டம் போட்டது. விடுதிகள், போக்குவரத்து, தியேட்டர்கள் எதிலும் நிறத்தைக் காரணம் காட்டி யாரையும் தடுக்கக் கூடாது என்றது அந்தச் சட்டம். அதை 1883இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்று தூக்கி எறிந்தது. அந்தத் தீர்ப்பில் ஒன்றாக விசாரிக்கப்பட்ட ஐந்து வழக்குகளில் இரண்டு தியேட்டர் வழக்குகள். ஒன்று சான் பிரான்சிஸ்கோ, இன்னொன்று நியூயார்க். இரண்டுமே தெற்கு மாநிலங்கள் இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். தனியார் முதலாளி பாகுபாடு காட்டினால் அரசு தலையிட முடியாது என்பதுதான் நீதிபதிகள் சொன்ன வாதம். நீதிபதி ஹார்லன் ஒருவர் மட்டும் மறுத்தார். பிறகு 1964இல் புதிய குடியுரிமைச் சட்டம் வந்தபோது சினிமா அரங்கு, நாடக அரங்கு, கச்சேரி மண்டபம் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி அதில் எழுத வேண்டியிருந்தது. இடையில் 81 ஆண்டுகள். மால்கோவின் தனிப் படிக்கட்டு இந்த 81 ஆண்டுகளுக்குள் கட்டப்பட்டது. அது வழக்கத்தால் தானாக முளைத்ததில்லை. சட்டத்தைக் கொன்று, அந்த இடத்தில் கட்டியது.

தனியார் என்ற வாதம் எவ்வளவு போலி என்பதற்கும் ஹாட் ஸ்பிரிங்ஸே சாட்சி. அந்த வெந்நீர் தனியார் சொத்து இல்லை. 1832இலேயே ஊற்றுகளை நாட்டுக்குப் பொதுவானவை என்று நாடாளுமன்றம் ஒதுக்கி வைத்தது. 1921இல் அது தேசியப் பூங்கா ஆனது. கூட்டரசின் நிலம், கூட்டரசின் தண்ணீர். அந்தத் தண்ணீரைக் குத்தகைக்கு எடுத்துத்தான் வெள்ளையருக்கு மட்டும் என்று குளியல் இல்லம் நடத்தினார்கள். அரசு பார்த்துக்கொண்டிருந்தது. இன்று ஊற்றில் வரும் நீர் ஏறத்தாழ 4400 ஆண்டுகளுக்கு முன் மழையாகப் பெய்து பூமிக்குள் இறங்கியது என்று புவியியலாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். அமெரிக்கா என்ற நாடே இல்லாத காலத்து மழைக்கு நிற வேலி போட்டார்கள். மகாட் குளத்துக்கு 1927இல் அண்ணல் அம்பேத்கர் ஏன் நடந்து போனார் என்பது புரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அதுவும் நகராட்சி பொது என்று அறிவித்த குளம்தான்.

தனி வாசலுக்குப் பின்னால் என்ன இருந்தது? "அவர்களும் அமைதியாகத்தானே மாடிக்குப் போனார்கள், யாரும் சண்டை போடவில்லையே" என்பது அடுத்த சமாதானம். 1913இல் வில் நார்மன் என்ற கறுப்பின இளைஞரை இந்த நகரத்தில் ஒரு கும்பல் கொன்றது. 1922 ஆகஸ்டில் கில்பர்ட் ஹாரிஸ் என்பவரைச் சிறையிலிருந்து இழுத்து வந்து நகர மையத்தில் கும்பல் தூக்கிலிட்டது. அதே நகர மையத்தில் 1934இல், அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தெற்குப் படைவீரனுக்குச் சிலை வைத்தார்கள். இந்தத் தெருக்களைக் கடந்துதான் மக்கள் சினிமாவுக்குப் போனார்கள். யாரும் தகராறு செய்யாமல் ஏறினார்கள் என்றால், தகராறு செய்தால் என்ன நடக்கும் என்று ஊருக்கே தெரிந்திருந்தது. நம் ஊரில் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்த தாத்தாக்களையும் "மரியாதை தெரிந்தவர்கள்" என்றுதான் ஆதிக்கச் சாதியார் நினைவுகூர்கிறார்கள்.

இவ்வளவோடு நிறுத்தினால் இது அவமானத்தின் கதையாக மட்டும் முடியும். அப்படி முடியவில்லை.

மால்வெர்ன் அவென்யூ என்பது கறுப்பினக் கடைகளும் விடுதிகளும் இருந்த தெரு. 1904இல் கறுப்பினத்தவருக்காக கிரிஸ்டல் என்ற குளியல் இல்லம் தொடங்கப்பட்டது. 1913இல் ஊரின் பெரும்பகுதியை எரித்த தீயில் அதுவும் போனது. மறு ஆண்டே நைட்ஸ் ஆஃப் பித்தியாஸ் என்ற கறுப்பினச் சகோதரச் சங்கம் பித்தியன் குளியல் இல்லத்தைத் திறந்தது. 1920களின் முற்பாதியில் உட்மென் ஆஃப் யூனியன் என்ற இன்னொரு சங்கம், ஜான் எல். வெப் என்பவரின் தலைமையில் ஒரு பெரிய கட்டடமே கட்டியது. அதற்குள் தங்கும் விடுதி இருந்தது, குளியல் இல்லம் இருந்தது, மருத்துவமனை இருந்தது. கூடவே ஒரு பெரிய கலையரங்கமும் இருந்தது.

அந்த அரங்கத்தைக் கவனியுங்கள். நகர மையத்தில் கில்பர்ட் ஹாரிஸைத் தூக்கிலிட்டு ஓரிரு ஆண்டுகள்கூட ஆகாத காலம். உயிர் பிழைப்பதே பெரும்பாடு என்று இருந்த மக்கள், மருத்துவமனையோடு நிறுத்திக்கொள்ளவில்லை. அரங்கமும் வேண்டும் என்றார்கள். சந்தா கட்டிச் சேர்த்த காசில், தனிப் படிக்கட்டு இல்லாத, எந்த நாற்காலியிலும் உட்காரக்கூடிய, கூடத்தில் நிமிர்ந்து நிற்கக்கூடிய ஒரு அரங்கம். "முதலில் சோறு, பிறகு கலை" என்று நமக்குப் பாடம் எடுப்பவர்கள் இதைப் படிக்க வேண்டும். சேர்ந்து உட்கார்ந்து பாட்டுக் கேட்பதும் சிரிப்பதும் மனிதராக வாழ்வதின் பகுதி. அதைப் பறித்தவர்களுக்கு அதன் மதிப்பு தெரிந்துதான் பறித்தார்கள்.

இப்போது சிக்கலான பகுதிக்கு வருவோம். 1960களின் நடுவில் பாகுபாடு சட்டப்படி ஒழிந்தது. முன்வாசல் திறந்தது. ஆனால் பாத்ஹவுஸ் ரோவின் மிக ஆடம்பரமான இல்லமான ஃபோர்டைஸ் 1962இலேயே மூடப்பட்டுவிட்டது. நவீன மருந்துகள் வந்ததும் வெந்நீர்க் குளியல் வைத்தியத்தை மக்கள் விட்டுவிட்டார்கள். மற்ற இல்லங்களும் ஒன்றன்பின் ஒன்றாக ஓய்ந்தன. காத்திருந்து காத்திருந்து கதவு திறந்தபோது பல தொட்டிகளில் தண்ணீரே இல்லை. மறுபக்கம், எங்கும் போகலாம் என்ற நிலை வந்ததும் கறுப்பினத்தவரின் சொந்த விடுதிகளும் குளியல் இல்லங்களும் வாடிக்கையாளர்களை இழந்தன. உட்மென் கட்டடம் பிற்காலத்தில் தேசிய பாப்டிஸ்ட் சபையின் கைக்குப் போய், விடுதியாகவும் குளியல் இல்லமாகவும் சில பத்தாண்டுகள் நடந்து, பிறகு அந்தச் சேவைகள் ஓய்ந்தன.

இதைக் காட்டி "பார்த்தீர்களா, தனியாக இருந்தபோதே நன்றாக இருந்தார்கள்" என்று சிலர் சொல்வார்கள். அந்த வலையில் விழாதீர்கள். பூட்டிய கதவுக்கு வெளியே நின்று நாமே ஒரு வீடு கட்டிக்கொண்டால், அந்த வீட்டின் பெருமை கட்டியவர்களுக்கு உரியது. பூட்டியவனுக்கு அதில் ஒரு பங்கும் இல்லை. அதேபோல், கதவு திறந்த நாளில் நம் சொந்த வீட்டை நாமே மறந்துவிடவும் கூடாது. நம் இரவுப் பள்ளிகள், படிப்பகங்கள், பத்திரிகைகள் எல்லாவற்றுக்கும் இந்தப் பாடம் பொருந்தும். பொது வாசலில் நுழையும் உரிமையும் வேண்டும், நமக்கென்று நாம் கட்டிய அரங்கமும் வேண்டும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று கேட்பவரின் கேள்வியே தவறு.

எது பாரம்பரியம் என்று யார் முடிவு செய்கிறார்கள்? ஹாட் ஸ்பிரிங்ஸில் அல் கபோன் வந்து தங்கிய அறை எண்ணைக்கூடச் சொல்வார்கள். ரவுடிகளின் நினைவாக ஒரு அருங்காட்சியகமே சென்ட்ரல் அவென்யூவில் இருக்கிறது. கொலைகாரனின் கதையில் ஒரு கவர்ச்சி இருக்கிறது, டிக்கெட் விற்கும். மால்கோவின் தனிப் படிக்கட்டையோ "அந்தக் காலத்தில் இப்படியும் இருந்தது" என்று ஒரே வரியில் தாண்டிப் போகலாம். படிக்கட்டைக் கட்டியது முதல் பாகுபாடு என்றால், அதை ஒரு வரிக்குள் அடக்குவது இரண்டாவது பாகுபாடு. பால்கனியில் இருந்தவர்கள் கதைக்குள் நுழைவதற்கும் பின்வாசல்தான்.

இதெல்லாம் அமெரிக்கக் கதை, நமக்கென்ன என்று கேட்கலாம். 1946இல் அண்ணல் அம்பேத்கர் கறுப்பின அறிஞர் டூபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். கறுப்பின மக்கள் ஐ.நா. சபைக்குக் கொடுத்த மனுவின் நகல் கேட்டார். மால்கோ போன்ற தியேட்டர்களில் தனிப் படிக்கட்டில் மக்கள் ஏறிக்கொண்டிருந்த அதே காலம். நான்கு ஆண்டுகளில் நடைமுறைக்கு வந்த நம் அரசமைப்புச் சட்டத்தின் 15ஆவது பிரிவை எடுத்துப் பாருங்கள். கடை, உணவகம், விடுதி, பொதுக் கேளிக்கை இடங்கள் என்று ஒரு வரி. கிணறு, குளம், குளிக்கும் படித்துறை என்று அடுத்த வரி. தியேட்டரும் குளியலும் அடுத்தடுத்து. ஹாட் ஸ்பிரிங்ஸின் சென்ட்ரல் அவென்யூ முழுவதும் அந்த இரண்டு வரிக்குள் அடங்கிவிடும். அமெரிக்கச் சட்டம் தியேட்டர் கதவைத் திறப்பதற்கு 14 ஆண்டுகள் முன்பே நம் சட்டம் எழுத்தில் திறந்துவிட்டது.

எழுத்தில். தமிழர் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்த முதல் கலைக்கூடம் சினிமா தியேட்டர்தான், அங்கே இடத்தைத் தீர்மானித்தது சாதி இல்லை, காசு என்று பேராசிரியர் கா. சிவத்தம்பி எழுதினார். கோயிலும் சபாவும் தராத ஒன்றைத் தியேட்டர் தந்தது என்பது முக்கியமான உண்மை. ஆனால் காசு கொடுத்து வாங்கிய டிக்கெட் மட்டும் போதுமா? 2023 மார்ச்சில் சென்னையின் தியேட்டர் ஒன்றில், கையில் டிக்கெட் வைத்திருந்த நரிக்குறவர் குடும்பத்தை வாசலிலேயே நிறுத்தினார்கள். வீடியோ பரவிய பிறகுதான் உள்ளே விட்டார்கள். குழந்தைகள் இருந்ததால் தணிக்கைச் சான்றிதழ் விதிப்படி நிறுத்தினோம் என்பது நிர்வாகத்தின் விளக்கம். 1883இல் "தனியார் உரிமை", 2023இல் "தணிக்கைச் சான்றிதழ்". காரணம் எப்போதும் கண்ணியமான மொழியில்தான் வரும். தனிப் படிக்கட்டு கட்ட முடியாத காலத்தில், டிக்கெட் கிழிப்பவரின் பார்வையே படிக்கட்டாகிவிடுகிறது.

படிக்கும் தோழர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். நம் ஊர்களில் பழைய தியேட்டர்கள் ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டு வணிக வளாகமாகவும் கல்யாண மண்டபமாகவும் மாறுகின்றன. இடிக்கும்போதெல்லாம் "எங்கள் இளமையின் நினைவு" என்று உருகி எழுதுகிறார்கள். எழுதட்டும். நீங்கள் போய் வேறு கேள்விகளைக் கேளுங்கள். அந்தத் தியேட்டரைக் கூட்டியது யார், கழிவறையைக் கழுவியது யார்? சேரியிலிருந்து வந்தவர்கள் எந்த வகுப்பில் உட்கார்ந்தார்கள், காசு இருந்தும் எந்த வகுப்புக்குப் போகத் தயங்கினார்கள்? இடைவேளையில் டீ எந்தக் குவளையில் வந்தது? இரவு ஆட்டம் முடிந்து எந்தத் தெரு வழியாக வீடு திரும்பினார்கள், எந்தத் தெருவைச் சுற்றிப் போனார்கள்? இதற்குப் பதில் சொல்லக்கூடியவர்களுக்கு இப்போது வயது எழுபது, எண்பது. செல்போனில் பதிவு செய்யுங்கள், தேதி போட்டுச் சேமியுங்கள், ஊர்ப் பெயரோடு எழுதுங்கள். கட்டடத்தின் முகப்பைப் படம் எடுக்க ஆள் நிறைய இருக்கிறார்கள். நீங்கள் பின்பக்கம் போய்ப் படம் எடுங்கள்.